இரண்டு ஒன்றரை இரண்டரை

டார்ச் விளக்கின் தலையைத் திருகிக் கழற்றிப் பல்பைக் கையில் எடுத்தால், அதன் பித்தளைக் கழுத்தில் பொடி எழுத்தில் இரண்டு எண்கள் தென்படும். விரலிடுக்கில் உருட்டி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும்: 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். அந்த டார்ச்சுக்குள் கிடப்பவை இரண்டு பேட்டரிக் கட்டைகள். ஒவ்வொன்றின் மேலுறையிலும் 1.5 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. இரண்டு ஒன்றரை மூன்று என்பது பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு. பல்போ இரண்டரையோடு நிறுத்திக்கொள்கிறது.

அச்சுப் பிழை என்று ஒதுக்கவும் வழியில்லை. மூன்று கட்டை டார்ச்சின் பல்பில், நாலரை இருக்க வேண்டிய இடத்தில், 3.8 வோல்ட் என்றிருக்கும்.

தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் இந்தக் குழப்பம் எழுவதே இல்லை. ‘டார்ச் பல்பு ஒண்ணு குடுங்க’ என்று கேட்டால், ‘எத்தனை கட்டை?’ என்றுதான் கடைக்காரர் திருப்பிக் கேட்பார். ரெண்டு கட்டை லைட், மூணு கட்டை லைட், ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில் அஞ்சு கட்டை லைட். வோல்ட் என்ற சொல்லே அந்தப் பேச்சில் நுழையாது, கட்டைதான் அளவை. அந்த அளவை எவ்வளவு துல்லியமானது என்பது பல்பு தயாரிப்பாளர்களின் அட்டவணையைப் பார்த்தால் விளங்கும்.

அமெரிக்க டார்ச் பல்புகளுக்குப் ‘பி.ஆர்.’ என்று தொடங்கும் வரிசை எண்கள் உண்டு. இரண்டு பெரிய கட்டைகளுக்கான பி.ஆர்.2 பல்பின் மதிப்பு 2.38 வோல்ட். மூன்று கட்டைக்கான பி.ஆர்.3 பல்புக்கு 3.57. நான்கு கட்டைக்கான பி.ஆர்.13 பல்புக்கு 4.75. ஐந்து கட்டைக்கான பி.ஆர்.12 பல்புக்கு 5.95. நான்குமே அரை ஆம்பியரில் எரிபவை. ஒவ்வொரு வோல்ட் எண்ணையும் கட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே விடைதான் வருகிறது: 1.19.

ஆக, பல்பு செய்தவர் கட்டைக்கு ஒன்றரை வோல்ட் என்று கணக்குப் போடவில்லை. கட்டையின் மேலுறை சொல்வதை அவர் அப்படியே நம்பவில்லை. கட்டை வேலை செய்யும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்துவிட்டு, அதற்கு ஏற்றபடி பல்பைச் செய்திருக்கிறார்.

ஒன்றரை எங்கிருந்து வந்தது

கைக்கு அடங்காத பெரிய டார்ச் கட்டை, சுவர்க் கடிகாரத்துப் பென்சில் கட்டை, டி.வி. ரிமோட்டின் மெல்லிய கட்டை மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்தினால், தாத்தா, அப்பா, பேரன் போல உயரம் இறங்கும். வோல்ட் மட்டும் இறங்காது. மூன்றிலும் ஒன்றரைதான்.

காரணம் வேதியியல். ஒரு கலத்தின் மின்னழுத்தத்தை முடிவு செய்வது அதன் உள்ளே இருக்கும் இரண்டு பொருள்களின் இயல்பு. சாதாரணக் கட்டையின் வெளிக்கூடு துத்தநாகம். நடுவிலிருக்கும் கரிக்கோலைச் சுற்றி அடைத்த கருமை மாங்கனீசு டை ஆக்சைடு. துத்தநாகம் எலக்ட்ரான்களை விடத் துடிக்கிறது, மாங்கனீசு டை ஆக்சைடு வாங்கிக்கொள்ளத் துடிக்கிறது. இந்த இரு துடிப்புகளுக்கும் இடையிலான வேறுபாடுதான் ஒன்றரை வோல்ட்டாக வெளியே தெரிகிறது. பொருளைக் கூட்டினால் கலம் அதிக நேரம் உழைக்கும், அதிக மின்னோட்டம் தரும். அழுத்தம் கூடாது. குளமானாலும் கிண்ணமானாலும் நீர்மட்டம் ஒரே உயரத்தில் நிற்பது போலத்தான்.

இந்த ஜோடியைச் சேர்த்துவைத்தவர் ஜார்ஜ் லெக்லான்ஷே என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ஆண்டு 1866. அவருடைய கலம் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே அம்மோனியம் குளோரைடு கரைசல் தளும்பிக்கொண்டிருக்கும். தந்தி நிலையத்திலும் அழைப்பு மணியிலும் அதை வைக்கலாம், கையில் தூக்கிக்கொண்டு இருட்டில் நடக்க முடியாது. 1886இல் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அந்தக் கரைசலைப் பாரிஸ் சாந்தோடு குழைத்து, துத்தநாகக் குவளைக்குள் அடைத்து மூடினார். கவிழ்த்தாலும் சிந்தாத ‘உலர் மின்கலம்’ அப்படித்தான் வந்தது.

அதிலிருந்து டார்ச் விளக்கு ஓர் எட்டு தூரம். 1899 ஜனவரியில் நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவருக்குக் கிடைத்த காப்புரிமைப் படத்தில் இன்றைய டார்ச்சின் உருவம் அப்படியே இருக்கிறது: ஒரு குழாய், அதற்குள் வரிசையாகக் கட்டைகள், முனையில் பல்பு, அதன் பின்னே ஒளியைத் திருப்பும் கிண்ணம். அவர் காப்புரிமையை ஒப்படைத்த நிறுவனத்தின் உரிமையாளர் கான்ராட் ஹியூபர்ட். பின்னாளில் எவரெடி என்ற பெயரோடு உலகமெங்கும் போன வணிகம் அங்கேதான் வேர்விட்டது. அமெரிக்கர்கள் அந்தப் பொருளுக்கு வைத்த பெயர் ‘ஃபிளாஷ்லைட்’, அதாவது பளிச்சிட்டு அணையும் விளக்கு. அது பெருமைக்காக வைத்த பெயர் இல்லை. அன்றைய கரியிழைப் பல்பு மின்சாரத்தை விழுங்கியது, அன்றைய கட்டையோ தொடர்ந்து கொடுக்கத் திணறியது. சில நொடி எரியவிட்டு, அணைத்து, மூச்சுவிட இடம் கொடுத்து, மறுபடி பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது.

வேலை கொடுத்தால் தளரும் கட்டை

புதுக் கட்டை ஒன்றின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் ஒன்றரைக்குக் கொஞ்சம் கூடவே காட்டும். அதே கட்டையை எரியும் பல்போடு இணைத்து, மீட்டரை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், முள் சரசரவென இறங்குகிறது. பல்பைக் கழற்றினால் மறுபடி ஏறுகிறது. கட்டை சும்மா இருக்கும்போது ஓர் ஆள், வேலை கொடுத்தால் வேறோர் ஆள்.

கட்டைக்குள் மின்சாரம் நடந்துபோகும் பாதையும் ஒரு பாதைதானே. பசை, பொடி, கரி என்று எல்லாவற்றையும் கடந்துதான் அது வெளியே வர வேண்டும். அந்தப் பாதையின் தடைக்கு அகமின்தடை என்று பெயர். ஒரு கட்டையின் அகமின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். அரை ஆம்பியர் ஓடினால், அரையை அரையால் பெருக்கக் கால் வோல்ட் உள்ளேயே செலவாகிவிடும். ஒன்றரையாகப் புறப்பட்டது ஒன்றேகாலாக வெளியே வருகிறது. கட்டை பழசாகப் பழசாகத் துத்தநாகம் அரித்துப் போகிறது, பசை வறண்டு போகிறது, தடை கூடிக்கொண்டே போகிறது. டார்ச்சில் ஒரு கட்டையின் வாழ்க்கை பெரும்பாலும் 1.4 வோல்ட்டில் தொடங்கி 0.9 வோல்ட்டில் முடிந்துவிடும். நடுவில் அது நெடுநேரம் தங்கும் இடம் 1.2க்குப் பக்கம். பல்பு செய்தவரின் 1.19 பிறந்தது இங்கேதான்.

இந்தத் தளர்ச்சி ஒரு காலத்தில் இயற்பியலையே தடுமாற வைத்தது. 1825இல் கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கேயார்க் சைமன் ஓம், கம்பியின் நீளத்துக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு என்று அளக்கப் புறப்பட்டார். அவர் கையிலிருந்தது வோல்ட்டாவின் வழிவந்த மின்கலம். அளக்க அளக்க அது தளர்ந்தது, சற்று ஓய்ந்தால் தேறியது. ஒவ்வொரு அளவையும் வேறொரு கலத்தில் எடுத்தது போலாகிவிட்டது. அவர் அவசரப்பட்டு வெளியிட்ட முதல் சூத்திரம் தவறு. அறிவியல் பத்திரிகை ஆசிரியர் போகண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: மின்கலத்தை விட்டுவிடுங்கள், வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துங்கள். பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார் ஓம். கொதிநீரும் பனிக்கட்டியும் தளர்வதில்லை. 1826இல் எண்கள் நேர்கோட்டுக்கு வந்தன. மறு ஆண்டு அவருடைய புத்தகம் வெளியானது. இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஓம் விதி, கட்டையின் தளர்ச்சியிலிருந்து தப்பி ஓடிய ஒருவர் கண்டுபிடித்தது.

கிராமத்தில் யாரும் ஓம் எழுதியதைப் படித்ததில்லை. ஆனாலும் தளர்ந்த கட்டையை என்ன செய்வது என்பது எல்லோருக்கும் தெரியும். முற்றத்து வெயிலில் வரிசையாகக் காயவைப்பார்கள். மாலையில் எடுத்துப் போட்டால் டார்ச் கொஞ்ச நேரம் தெம்பாக எரியும். இது கண்கட்டு வித்தை இல்லை. வெப்பம் ஏறினால் பசைக்குள் அயனிகள் சுலபமாக நகர்கின்றன, அகமின்தடை குறைகிறது. ஓய்வில் கிடந்த நேரத்தில் கரியைச் சுற்றித் தேங்கிய விளைபொருள்கள் கொஞ்சம் கலைந்துபோகின்றன. வெயில் கட்டைக்குள் புதிதாகச் சக்தி எதையும் ஊற்றவில்லை. உள்ளே மிச்சமிருந்தது வெளியே வர வழிவிட்டது. அதனால்தான் அந்தத் தெம்பு ஓர் இரவைத் தாண்டுவதில்லை.

இழையின் குணம்

கட்டை ஒரு பக்கம் நிலையில்லாமல் ஆடுகிறது என்றால், மறுபக்கம் இருக்கும் பல்பும் நிலையான பேர்வழி அல்ல.

2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு எரியும்போது அதன் டங்ஸ்டன் இழையின் மின்தடை எட்டு ஓமுக்குச் சற்று மேல். அணைந்து ஆறிக் கிடக்கையில் அதே இழையின் தடை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். உலோகம் சூடேறினால் தடை கூடும். டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. ஆகவே பொத்தானை அழுத்தும் அந்த முதல் கணத்தில் பல்பு வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கிறது. வீட்டு குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதுதான் ‘டப்’ என்று ஃபியூஸ் ஆகும். நடு ராத்திரியில் எரிந்துகொண்டிருக்கும்போது ஃபியூஸ் ஆவது குறைவு. இழையில் எங்கோ மெலிந்துபோன ஓர் இடம், அந்த முதல் வேகத்தில் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடேறி அறுந்துவிடுகிறது.

மின்னழுத்தம் சிறிது மாறினால் இழைப் பல்பில் என்ன நடக்கும் என்பதற்குப் பொறியாளர்கள் பட்டறிவில் கண்ட சூத்திரங்கள் உண்டு. வெளிச்சம் அழுத்தத்தின் 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். ஆயுள் அழுத்தத்தின் 13ஆம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். பதின்மூன்றாம் அடுக்கு என்பது பயங்கரமான அடுக்கு. அழுத்தத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் வெளிச்சம் 38 சதவீதம் கூடுகிறது. ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுகிறது. ஐந்து சதவீதம் குறைத்தால் வெளிச்சம் 16 சதவீதம் மங்குகிறது. ஆயுள் இரு மடங்கை நெருங்குகிறது. இழையிலிருந்து டங்ஸ்டன் அணுக்கள் ஆவியாகிப் பறக்கும் வேகம் வெப்பநிலையோடு அவ்வளவு செங்குத்தாக ஏறுவதே காரணம். பழைய பல்பின் கண்ணாடிக்குள் படிந்திருக்கும் கருமை, அப்படிப் பறந்துபோன இழைதான்.

கலிஃபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் ஒரு பல்பு 1901 முதல் எரிந்துவருகிறது. ஓஹியோவின் ஷெல்பி நிறுவனம் செய்தது, கரியிழை கொண்டது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் நூற்றாண்டு கடந்த அதிசயத்தை எதிர்பார்த்துப் போய், அடுப்பில் அணையப்போகும் கங்கு போன்ற ஒன்றைப் பார்க்கிறார்கள். அதன் இன்றைய திறன் சுமார் 4 வாட். அது படிப்பதற்கு உதவாத வெளிச்சம். இழை பதமாகவே சூடேறுவதால் தேய்வதும் குறைவு.

டார்ச் பல்பு இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கிறது. வீட்டு குண்டு பல்பின் ஆயுள் சராசரியாக 1000 மணி நேரம் என்றால், பி.ஆர்.2 பல்புக்கு வகுத்த ஆயுள் வெறும் 15 மணி நேரம். செய்தவர்கள் கஞ்சத்தனம் செய்தார்களா? கணக்கு வேறு. சாதாரணப் பெரிய கட்டை ஒன்று தன் வாழ்நாளில் தரும் ஆற்றல் ஏழெட்டு வாட்-மணி. மின்வாரியம் ஒரு யூனிட்டாகக் கணக்கிடும் மின்சாரத்தைக் கட்டையிலிருந்து எடுக்க வேண்டுமானால் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டைகள் வேண்டும். உலகில் மிக விலைகூடிய மின்சாரங்களில் ஒன்று டார்ச்சுக்குள் இருக்கிறது. அதில் ஒரு துளியையும் வீணாக்காமல் ஒளியாக்க இழையைச் சூடாக எரிப்பதே வழி. சூடு கூடக் கூட வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி கூடுகிறது. பல்பு மலிவு, கட்டை விலை கூடியது. மலிவானதைப் பலிகொடுத்து விலைகூடியதைக் காப்பாற்றினார்கள். பல டார்ச்சுகளின் அடிமூடிக்குள் ஸ்பிரிங்குக்கு நடுவே உபரிப் பல்பு ஒன்று ஒளிந்திருந்தது இதனால்தான்.

புதுக் கட்டை போட்ட முதல் இரவில் அந்தப் பல்பு தன் அளவுக்கு மீறி உழைக்கிறது. கட்டைக்கு 1.35 வோல்ட் வந்தாலே வெளிச்சம் ஒன்றரை மடங்கு. ஆயுள் ஐந்து மடங்கு வேகமாகக் கரைகிறது. நல்ல வேளையாக அந்த நிலை நெடுநேரம் நீடிப்பதில்லை. கட்டை தளர்ந்து 1.19க்கு வந்து சேர, பல்பும் பெருமூச்சு விடுகிறது. கட்டைக்கு 0.9 ஆகும்போது வெளிச்சம் உரிய அளவில் நாற்பது சதவீதத்துக்கும் கீழே. வெள்ளை போய் மஞ்சள், மஞ்சள் போய்ச் செம்மை.

இன்னொரு பழைய சந்தேகமும் இங்கே தீர்கிறது. மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றும் நிக்கல் கட்டைகளின் மேல் 1.2 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். ஒன்றரைக்குக் குறைவாயிற்றே, டார்ச் மங்கலாக எரியாதா என்று தயங்குவோர் உண்டு. அந்தக் கட்டையின் அகமின்தடை மிகக் குறைவு, கடைசிவரை 1.2க்குப் பக்கத்திலேயே அசையாமல் நிற்கும். இரண்டு போட்டால் 2.4. பி.ஆர்.2 கேட்பது 2.38.

பொருந்தாத ஜோடிகள்

இரண்டு கட்டைப் பல்பை மூன்று கட்டை டார்ச்சில் போட்டால் கண்கூசும் வெளிச்சம் வரும், சீக்கிரமே இருட்டு. மூன்று கட்டைப் பல்பை இரண்டு கட்டையில் போட்டால் ஒன்றும் கெடாது. கால் பங்கு வெளிச்சத்தில், தூங்கி வழியும் கண் போல எரியும். இருட்டில் அவசரத்துக்கு எந்தப் பல்பு கிடைத்தாலும் போடலாம் என்றால், எண் கூடிய பல்பே ஆபத்தில்லாதது.

பெரிய பேட்டரி சின்னப் பல்பை எரித்துவிடும் என்ற பயமும் பரவலாக உண்டு. காரின் பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுக்கக் கூடியது. அதே பேட்டரியில் 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பை இணைத்தால் அது எடுத்துக்கொள்வது அரை ஆம்பியருக்கும் குறைவு. பேட்டரி அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு எடுப்பது என்பது பல்பின் தடையைப் பொறுத்தது. அண்டா நிறையச் சோறு இருப்பதால் யாருடைய வயிறும் பெரிதாவதில்லை.

இதன் மறுபக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எட்டு பென்சில் கட்டைகளை வரிசையாக அடுக்கினாலும் 12 வோல்ட்தான். ஆனால் 55 வாட் கார் முகப்பு விளக்கு கேட்பது நாலரை ஆம்பியருக்கும் மேல். சாதாரணப் பென்சில் கட்டைகள் அந்தச் சுமையில் அப்படியே உட்கார்ந்துவிடும். எண்கள் பொருந்தியும் விளக்கு எரியாது.

எலுமிச்சம்பழ பேட்டரி இதற்கு இன்னும் அழகான சாட்சி. பழத்தில் ஒரு செம்புத் தகடும் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்தினால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். மூன்று பழங்களை இணைத்தால் மீட்டரில் இரண்டரை வோல்ட்டுக்கும் மேல் காட்டும். டார்ச் பல்பின் கழுத்தில் இருப்பதும் இரண்டரைதானே என்று இணைத்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். பழத்தின் சாறு ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்கே வழிவிடுகிறது. பல்பு கேட்பது 300. பல்பை இணைத்த நொடியே அந்த இரண்டரை வோல்ட் ஒன்றுமில்லாமல் சரிந்துவிடும்.

புதுக் கட்டையோடு பழையதைக் கலந்து போடுவதும் பொருந்தாத ஜோடிதான். வரிசையில் எல்லாக் கட்டை வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓட வேண்டும். பழையது தீர்ந்துபோன பிறகும் புதியது அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தீர்ந்த கட்டையின் துத்தநாகக் கூடு ஓட்டையாகிப் பசை ஒழுகி, ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போவது பல வீட்டு டார்ச்சுகளின் முடிவு.

திருவிழாவின் கூட்டல் கணக்கு

கட்டைகளைக் கூட்டிப் பல்புக்குப் பொருத்துவது ஒரு வழி. பல்புகளைக் கூட்டி மின்சாரத்துக்குப் பொருத்துவது மற்றொன்று. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் தொங்கும் சீரியல் செட்டின் பெயரிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. 6 வோல்ட் குருவிப் பல்பை 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் தீர்ந்தது. நாற்பது பல்புகளைக் கைகோத்து நிறுத்தினால், 230ஐ நாற்பதால் பிரிக்க, ஒவ்வொன்றுக்கும் ஆறுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம். ஒரே குறை, ஒரு பல்பு போனால் வரிசையே இருண்டுவிடும். எந்தப் பல்பு என்று தெரியாமல் எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோதித்துக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தில் 120 வோல்ட்டுக்கு ஐம்பது பல்புகள். பல்புக்கு 2.4 வோல்ட், கிட்டத்தட்ட டார்ச் பல்பின் எண். ஒன்று போனாலும் மற்றவை எரிய, இழையின் காலடியில் ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றிவைத்தார்கள். அதன் மேல் மின்கடத்தாப் பூச்சு. இழை அறுந்ததும் சரத்தின் முழு 120 வோல்ட்டும் அந்த ஒரு பல்பின் இரு முனைகளிலும் வந்து நிற்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்காமல் பூச்சு பொத்துக்கொள்ள, கம்பி பாலமாகி மின்சாரம் கடந்து போகிறது. சரம் எரிகிறது. ஆனால் மீதமுள்ள 49 பல்புகளும் செத்தவரின் பங்கைச் சுமக்கின்றன. ஐந்து பல்புகள் போய்விட்டால் ஒவ்வொன்றுக்கும் 2.67 வோல்ட், பதினொரு சதவீதம் கூடுதல். பதின்மூன்றாம் அடுக்கின் கணக்குப்படி ஆயுள் கால் பங்காகிறது. கெட்ட பல்பை மாற்றாமல் விட்டால் சரம் அடுத்தடுத்து அவிந்துபோவது இப்படித்தான்.

இழை இல்லாத விளக்கு

எல்.இ.டி. வந்ததும் பொருத்தத்தின் இலக்கணமே மாறியது. இழைப் பல்பு குறைந்த அழுத்தத்திலும் கொஞ்சமாவது எரியும். எல்.இ.டி. அப்படி இல்லை, குறிப்பிட்ட ஒரு வாசலைத் தாண்டும்வரை அது கண் திறக்காது. அந்த வாசலின் உயரத்தை முடிவு செய்வது நிறம். சிவப்புக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. நீலத்துக்கு மூன்றுக்கு மேல். நீல ஒளித்துகளின் ஆற்றல் சிவப்பைவிட அதிகம், அதற்கான விலையை அழுத்தமாகக் கட்ட வேண்டும். வெள்ளை எல்.இ.டி. என்பது மேலே மஞ்சள் ஒளிர்பொருள் பூசிய நீல எல்.இ.டி.தான். பளிச்சிடும் நீலத்தை 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா சாத்தியமாக்கினார். 2014இல் அகாசாகி, அமானோ இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எனவே பழைய ரெண்டு கட்டை டார்ச்சில் வெள்ளை எல்.இ.டி.யை நேரடியாகப் பொருத்தினால் புதுக் கட்டையில் மங்கலாகத் தெரியும். தளர்ந்த கட்டையில் தெரியவே தெரியாது. மலிவான எல்.இ.டி. டார்ச்சுகள் பலவும் மூன்று சின்னக் கட்டைகளைக் கேட்பது இதனால்தான். நாலரையில் 3.2 போக 1.3 வோல்ட் மிச்சம். அதை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 65 ஓம். கடையில் கிடைக்கும் 68 ஓம் மின்தடையை இடையில் வைத்தால் பொருத்தம் முடிந்தது. ஒரே கட்டையில் எரியும் எல்.இ.டி. டார்ச்சுக்குள் வேறு தந்திரம் இருக்கிறது: ஒரு சிறு கம்பிச்சுருளும் டிரான்சிஸ்டரும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி, ஒன்றரையை மூன்றுக்கு மேல் எக்கித் தள்ளுகின்றன.

வாசலைத் தாண்டிவிட்டால் எல்.இ.டி.க்கு அளவு தெரியாது. இழை சூடேறினால் தானே தடையைக் கூட்டிக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். எல்.இ.டி.யில் கால் வோல்ட் கூடினாலே மின்னோட்டம் சில மடங்கு பாய்ந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்த வெளியிலிருந்து யாராவது வர வேண்டும்.

2006இல் நியூயார்க்கின் கிராஃபிட்டி ரிசர்ச் லேப் என்ற கலைஞர் குழு ஒரு விளையாட்டைப் பிரபலமாக்கியது. ஓர் எல்.இ.டி.யின் இரு கால்களுக்கு நடுவே நாணயம் போன்ற 3 வோல்ட் லித்தியம் கட்டையைச் செருகி, சிறு காந்தத்தோடு சேர்த்து டேப்பால் சுற்றி, இரும்புப் பாலங்களின் மேலும் கட்டடங்களின் மேலும் வீசினார்கள். ஒட்டிக்கொண்ட இடத்தில் நாள்கணக்கில் வண்ண வண்ணமாக எரிந்தன. இரண்டு வோல்ட்கூடத் தேவைப்படாத சிவப்பு எல்.இ.டி.யும் அந்த மூன்று வோல்ட்டில் கருகாமல் பிழைத்தது. நாணயக் கட்டையின் அகமின்தடை பத்து ஓமுக்கும் மேல்; அதிக மின்னோட்டம் கேட்டால் அதன் அழுத்தம் தானாகச் சரிந்து, கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. ஓம் எதிலிருந்து தப்பி ஓடினாரோ அந்தத் தளர்ச்சிதான் இங்கே காவல்காரன்.

அதே சிவப்பு எல்.இ.டி.யை இரண்டு புதிய அல்கலைன் பென்சில் கட்டைகளோடு நேராக இணைத்தால், அங்கேயும் மேலுறைக் கணக்கு மூன்று வோல்ட்தான். ஒரு கணம் சிவப்பு ஆரஞ்சாக மாறும், பிறகு எல்.இ.டி. போய்விடும். அதைத் தடுக்க 56 ஓம் மின்தடை ஒன்று போதும். நாணயக் கட்டையில் அது விலையில்லாமல் உள்ளேயே வருகிறது.